வேலை கற்றுக்கொடுத்த திவான்

பெங்களூரில் கே.ஆர். சர்க்கிளைக் கடந்து வேலைக்குப் போகிற தமிழர்கள் ஏராளம். கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அந்த சர்க்கிளின் ஓரத்தில் ஒரு பழைய என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. 1917-ல் தொடங்கியது. அதற்கு ஒரு மனிதரின் பெயர்.

கஸ்தூர்பா ரோட்டில் உள்ள விஞ்ஞானக் காட்சி சாலைக்கும் அவர் பெயர்தான். பையப்பனஹள்ளியில் 2022-ல் ரெயில்கள் ஓடத் தொடங்கிய புதிய முனையத்துக்கும் அவர் பெயர்தான். ஊரிலிருந்து மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கும் தொழிலாளி, பெங்களூரில் முதன்முதலாகப் படிக்கும் பெயரும் அதுவாக இருக்கலாம்.

அவர்தான் சர் எம். விசுவேசுவரய்யா. கர்நாடக மக்கள் அன்போடு "சர் எம்.வி." என்று அழைக்கும் என்ஜினீயர்.

அவர் அணை கட்டினார், ஆலை கண்டார், திவானாக இருந்து ஆட்சி நடத்தினார் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் தொடங்கிய பெரிய வேலைகளில் பல, அவர் அந்த இடத்தை விட்டுப் போன பிறகுதான் முடிந்தன. முடித்தவர்கள் வேறு என்ஜினீயர்கள். அவர் போனபிறகும் வேலை நிற்கவில்லை. அந்த விதமாக வேலையைத் திட்டமிட்டதும், அதற்கு ஆட்களைத் தயார் செய்ததும்தான் அவருடைய பெருமை.

பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மாணவர்

பெங்களூரிலிருந்து வடக்கே, சிக்கபள்ளாப்பூருக்கு அருகில் முத்தனஹள்ளி என்று ஒரு சிற்றூர். அங்கே 1861-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி விசுவேசுவரய்யா பிறந்தார். தந்தை சீனிவாச சாஸ்திரி, சமஸ்கிருதம் கற்றவர். தாயார் வெங்கடலட்சுமம்மா. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. முன்னோர்கள் ஆந்திராவில் உள்ள மோட்சகுண்டம் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். "எம்." என்ற எழுத்து அந்த ஊரைத்தான் குறிக்கிறது.

பள்ளிப் பருவத்திலேயே தந்தை காலமானார். குடும்பத்தில் பணம் இல்லை. தாய் மாமன் ராமய்யா பெங்களூரில் இருந்தார். அவர் ஆதரவில் பையன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தான்.

சென்டிரல் கல்லூரியில் இடம் கிடைத்தது. செலவுக்கு என்ன செய்வது? வசதியான ஒரு குடகுக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் படிப்பு நடந்தது. என்ஜினீயர் ஆவதற்கு முன்பே அவர் வாத்தியார் ஆகிவிட்டார்.

கல்லூரித் தலைவராக இருந்த சார்லஸ் வாட்டர்ஸ் என்ற வெள்ளைக்காரர், இந்த ஏழை மாணவரின் கணித அறிவைக் கவனித்தார். தனியாக அக்கறை எடுத்து ஊக்கம் அளித்தார். தன் நினைவாக ஒரு ஆங்கில அகராதியையும் பரிசாகக் கொடுத்தார்.

1881-ல் விசுவேசுவரய்யா பி.ஏ. தேறினார். அந்தக் காலத்தில் சென்டிரல் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இருந்தது. எனவே அவர் வாங்கிய முதல் பட்டம் சென்னைப் பட்டம்தான்.

என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்குப் பூனா போகவேண்டும். மைசூர் சமஸ்தானம் உதவிச் சம்பளம் கொடுத்தது. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் ரங்காச்சார்லு. செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்து, மைசூருக்குப் போய் உயர்ந்தவர்.

1883-ல் பூனா விஞ்ஞானக் கல்லூரியில் நடந்த என்ஜினீயரிங் தேர்வில், பம்பாய் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார் விசுவேசுவரய்யா. ஒரு மாமன், ஒரு ஆசிரியர், ஒரு சமஸ்தானம் என்று மூன்று கைகள் தூக்கிவிட்டு மேலே வந்தவர் அவர். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு சோதனை

1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது. முதலில் நாசிக். பிறகு தூலியா பகுதி.

அங்கே ஒரு சோதனை வந்தது. பாசன நீரை ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டு போகவேண்டும். இதற்காக ஆற்றின் அடியில் குழாய் பதிக்கும்படி மேல் அதிகாரி உத்தரவிட்டார். மழைக்காலம் தொடங்கிவிட்டது. தோண்டின இடத்தை வெள்ளம் மணல் கொண்டு மூடியது. மழை முடிந்தபின் வேலையைத் தொடரலாமா என்று விசுவேசுவரய்யா கேட்டு எழுதினார்.

மேல் அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. உத்தரவுக்குத் தட்டிப் பேசுவதாக எடுத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த புதிது. கெட்ட பெயர் வந்தால் எதிர்காலம் என்ன ஆகும்?

விசுவேசுவரய்யா வாதாடிக் கொண்டிருக்கவில்லை. களத்தில் இறங்கினார். ஆட்களோடு கூடவே இருந்து, மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே அந்த வேலையை முடித்துக் காட்டினார். அதிகாரியின் மனமும் மாறியது.

மேலே உட்கார்ந்து உத்தரவு போடுவது எவ்வளவு சுலபம், கீழே நின்று அதை நிறைவேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த மழைக்காலம் கற்றுக்கொடுத்தது. பின்னாளில் அவர் பெரிய பதவிகளுக்கு வந்தார். அப்போதும் காகிதத்தை மட்டும் நம்பி முடிவு எடுக்கமாட்டார். வேலை நடக்கும் இடத்துக்கு நேரில் போவார்.

தானாகத் திறக்கும் கதவு

சிந்து நதிக்கரையில், இப்போது பாகிஸ்தானில் உள்ள சுக்கூர் நகருக்குக் குடிதண்ணீர் திட்டம் வகுத்தார். நதி நீர் ஒரே கலங்கல். வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. ஆற்றின் படுகையிலேயே கிணறு தோண்டினார். ஆற்று மணலே நீரை வடிகட்டிக் கொடுத்தது. இருக்கிற பொருளைக் கொண்டு வேலையை முடிக்கும் புத்தி அது.

அவருக்குப் பெரிய புகழ் தந்தது, பூனாவுக்கு அருகில் உள்ள கடக்வாஸ்லா அணை. மழைக்காலத்தில் உபரி நீர் கலிங்கு வழியாக வழிந்து வீணானது. அணையை உயர்த்தாமலே அதிகத் தண்ணீர் தேக்க வழி உண்டா என்று யோசித்தார். கலிங்கின் மீது தானாக இயங்கும் கதவுகளை அமைத்தார். 1903-ம் ஆண்டு வாக்கில் அவை வேலை செய்யத் தொடங்கின. நீர்மட்டம் சுமார் 8 அடி உயர்ந்தது.

ஏரி நீர் குறிப்பிட்ட மட்டத்தை எட்டினால், எடைகளும் மிதவைகளும் சேர்ந்து கதவைத் தாமே தூக்கும். வெள்ளம் வடிந்தால் கதவு தாமே மூடிக்கொள்ளும். நள்ளிரவில் கொட்டும் மழையில் ஓடிவந்து கதவைத் திறக்க ஆள் தேவை இல்லை.

இந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பதிவு செய்தார். ஆனால் அரசாங்கத்திடம் உரிமைத் தொகை வாங்க மறுத்துவிட்டார். சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, சர்க்கார் வேலையில் கண்டுபிடித்ததற்குத் தனியாகப் பணம் வாங்குவது முறை அல்ல என்பது அவர் கருத்து.

இவ்வளவு செய்தும், மாகாணத் தலைமை என்ஜினீயர் பதவி ஒரு இந்தியருக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த ஆட்சியில் இல்லை. 1908-ல், 47 வயதில், தாமாகவே ஓய்வு பெற்று வெளியேறினார்.

ஐதராபாத் வெள்ளம்

அதே 1908-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி. ஐதராபாத்தில் மூசி நதி கரை புரண்டது. ஆயிரக்கணக்கான மக்கள் இறந்தார்கள். வீடுகள் சரிந்தன.

அப்போது விசுவேசுவரய்யா ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். நிஜாம் அரசிடமிருந்து அழைப்பு போயிற்று. 1909-ல் ஐதராபாத் வந்து சேர்ந்தார்.

நகரத்துக்குள் கரையை உயர்த்தினால் மட்டும் போதாது, வெள்ளத்தை நகரத்துக்கு மேலேயே தடுத்து நிறுத்தவேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். மூசி, ஈசி நதிகளில் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களுக்கு யோசனை சொன்னார். பிறகு மைசூருக்குப் போய்விட்டார். மூசியில் உஸ்மான் சாகர் 1920-லும், ஈசியில் இமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. கட்டி முடித்தவர்கள் அங்கேயே இருந்த என்ஜினீயர்கள். வழி காட்டிய அறிக்கை அவருடையது.

கண்ணம்பாடி

1909-ம் ஆண்டு நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார். பதவியை ஏற்குமுன் அவர் பேசியது சம்பளத்தைப் பற்றி அல்ல. தொழில் கல்விக்கும் தொழில் வளர்ச்சிக்கும் அங்கே இடம் உண்டா என்றுதான் விசாரித்தார். அதற்குப் பிறகே ஒப்புக்கொண்டார்.

தமிழர்கள் கண்ணம்பாடி என்று சொல்லும் கிருஷ்ணராஜ சாகர் அணை, அவர் கண்ட பெரிய கனவு. மாண்டியா சீமைக்குப் பாசனம் வேண்டும். சிவசமுத்திரத்துக்கு வற்றாத நீரும் வேண்டும்.

சிவசமுத்திரத்தில் 1902-ல் மின்சார நிலையம் தொடங்கி இருந்தது. பாலக்காட்டைச் சேர்ந்த திவான் சேஷாத்திரி ஐயர் காலத்துத் திட்டம் அது. அங்கிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து, கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் போனது. சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். கோடையில் காவிரி இளைத்தால் மின்சாரமும் இளைக்கும். ஆற்றின் மேலே நீரைத் தேக்கி வைத்தால் ஆண்டு முழுவதும் சீராக விடலாம். கண்ணம்பாடி அணைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

செலவைக் கேட்டு நிதி அதிகாரிகள் பயந்தார்கள். முதலில் தயங்கிய மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார், விசுவேசுவரய்யா எடுத்துக்காட்டிய கணக்குகளைப் பார்த்து 1911-ல் அனுமதி கொடுத்தார். அந்த ஆண்டே வேலை தொடங்கியது.

அப்போது இந்தியாவில் சிமெண்டு உற்பத்தி பெயரளவுக்குத்தான் இருந்தது. சுண்ணாம்பும், செங்கல் பொடியும் கலந்து அரைத்த சுர்க்கிக் காரையைக் கொண்டே கல் அடுக்கினார்கள். சுமார் 10 ஆயிரம் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். மலேரியாக் காய்ச்சல் ஒருபக்கம் வாட்டியது. மறுபக்கம் காலத்தோடு போட்டி. ஜூன் பிறந்தால் குடகில் மழை பிடிக்கும். காவிரி சிவந்து பெருகி வரும். அதற்குள் குறிப்பிட்ட உயரத்துக்குச் சுவர் எழும்பியாக வேண்டும்.

இத்தனை பேரை ஒருவர் கண்ணால் பார்த்து மேய்க்க முடியாது. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவேண்டும். எந்த மாதம் எவ்வளவு கல், எவ்வளவு காரை, எத்தனை ஆள் என்று முன்கூட்டியே கணக்குப் போடவேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு என்ஜினீயர் பொறுப்பு ஏற்கவேண்டும். விசுவேசுவரய்யா வேலை வாங்கிய முறை இதுதான்.

1912-ம் ஆண்டு நவம்பரில் அவர் திவான் ஆனார். அணையின் அன்றாடப் பொறுப்பு அடுத்தடுத்து வந்த தலைமை என்ஜினீயர்கள் கைக்குப் போயிற்று. 1918-ல் அவர் பதவியை விட்டும் போனார். ஆனால் சுவர் நிற்காமல் எழும்பியது. 1932-ல் அணை முழுமை பெற்றது. கடக்வாஸ்லாவில் அவர் அமைத்த தானியங்கிக் கதவு முறை இங்கேயும் வந்தது.

காவிரியின் மறுகரை

இந்த அணையின் கதையைத் தமிழர்கள் படிக்கும்போது தஞ்சை மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

மைசூர் 41.5 டி.எம்.சி. நீரைத் தேக்கத் திட்டமிட்டது. கீழே டெல்டா பாசனம் பாதிக்கும் என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. 11 டி.எம்.சி. தேக்கும் சிறிய அணைக்கு மட்டுமே ஒப்புதல் கிடைத்தது. ஆனாலும் மைசூர், பெரிய அணைக்குத் தேவையான அகலத்திலேயே அஸ்திவாரம் போட்டது.

பிறகு உயர்த்தும்போது அஸ்திவாரத்தை மீண்டும் தோண்ட முடியாது என்பது என்ஜினீயர் கணக்கு. ஒப்புதல் வருமுன் பெரிய அணைக்கு அடி போட்டது நியாயமா என்பது டெல்டா விவசாயியின் கேள்வி. இரண்டும் உண்மைதான்.

1914-ல் கிரிபின் என்பவர் மத்தியஸ்தராக இருந்து தீர்ப்பு சொன்னார். சென்னை அதை ஏற்கவில்லை. கடைசியில் 1924-ல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மைசூருக்குக் கண்ணம்பாடி முழு உயரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் மேட்டூர் அணை எழுந்து 1934-ல் முடிந்தது. தகராறு அதோடு தீரவில்லை. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வரை வந்த கதை எல்லோரும் அறிந்தது.

அணைக்காகப் பல கிராமங்கள் நீரில் மூழ்கின. பழைய கண்ணம்பாடி ஊரும் அதில் ஒன்று. வயலையும் வீட்டையும் விட்டுப் போனவர்கள் கொடுத்த விலையும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது.

திவான் ஆபீசில்

திவான் பதவியை ஏற்குமுன், தன் தாயாரையும் உறவினர்களையும் கூப்பிட்டு, யாருக்கும் வேலைக்கோ சலுகைக்கோ சிபாரிசு கேட்டு வரக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார் என்பது கர்நாடகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி.

ஆபீசில் அவர் கண்டிப்பானவர். சரிகைத் தலைப்பாகையும், மடிப்புக் கலையாத கோட்டுமாக, குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் வருவார். பார்க்க வருகிறவர்களும் நேரத்துக்கு வரவேண்டும்.

ஒரு அதிகாரி அறிக்கை கொண்டுவந்தால் முதலில் விவரம் கேட்பார். எத்தனை? எப்போது? யார் பொறுப்பு? எவ்வளவு செலவு? சுமாராக, ஏறக்குறைய என்ற பதில்கள் அவரிடம் செல்லாது. திருப்பி எழுதச் சொல்வார். தான் எழுதியதையும் பலமுறை அடித்துத் திருத்துவார். கீழே உள்ளவர்களிடம் கேட்டதைத் தன்னிடமும் கேட்டுக்கொண்டவர் என்பதால், கோபித்தவர்களும் அவரை மதித்தார்கள்.

சர்க்கார் ஆபீசுகளில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே தாமதம், எங்கே வீண் செலவு என்று பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்தார். குமாஸ்தாக்களுக்கு இது முதலில் கசந்திருக்கும். ஆனால் கட்டு எங்கே தேங்கி நிற்கிறது என்று மேலிடத்துக்கே தெரிகிற ஆபீசில், எல்லாப் பழியும் குமாஸ்தா தலையில் விழுவதில்லை.

அவர் திவானாக இருந்த ஆறு ஆண்டுகளில் நடந்தவை பல. 1913-ல் மைசூர் பாங்கி. அதே ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டம். 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம். 1917-ல் பெங்களூர் என்ஜினீயரிங் கல்லூரி. இளைஞர் விசுவேசுவரய்யா என்ஜினீயரிங் படிக்கப் பூனா வரை போகவேண்டி இருந்தது. அடுத்த தலைமுறைப் பையன்கள் பெங்களூரிலேயே படித்தார்கள்.

பதவியை விட்டார்

அவருடைய வாழ்க்கையில் விவாதத்துக்கு உரிய கட்டமும் உண்டு.

சமஸ்தானத்தில் உயர்ந்த வேலைகளில் பெரும்பாலும் பிராமணர்களே இருந்தார்கள். மற்ற சமூகத்தார் தங்களுக்கும் உரிய பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 1918-ல் மகாராஜா, நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்.

விசுவேசுவரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லோருக்கும் கல்வி கொடுக்கவேண்டும், உதவிச் சம்பளம் கொடுக்கவேண்டும்; ஆனால் வேலைக்குத் தகுதி ஒன்றையே பார்க்கவேண்டும் என்பது அவர் நிலை. மகாராஜா தம் முடிவில் நின்றார். விசுவேசுவரய்யா ராஜினாமா செய்தார்.

மில்லர் கமிட்டி 1919-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி பிற்பட்டோருக்கு வேலைகளில் இடம் ஒதுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி கேட்ட நியாயம்தான் மைசூரிலும் வென்றது. கதவு திறக்காமல் தகுதியைக் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு அந்தப் பெரிய என்ஜினீயரிடம் முழுமையான பதில் இல்லை. ஏழைப் பையனாக இருந்தபோது அவருக்கே கதவைத் திறந்துவிட ஒரு மாமனும் ஒரு ஆசிரியரும் தேவைப்பட்டார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். கொள்கை வேறுபட்டபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. எழுந்து போனார்.

பத்ராவதி உலை

பத்ராவதி இரும்பு ஆலை அவர் திவானாக இருந்தபோது திட்டமிட்டது. 1923-ல் உற்பத்தி தொடங்கியது. நிலக்கரி கிடைக்காத பகுதி. காட்டு மரத்தைக் கரியாக்கி அதில் இரும்பை உருக்கினார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு இரும்பு விலை விழுந்தது. ஆலை நஷ்டத்தில் தத்தளித்தது. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

மகாராஜா மீண்டும் விசுவேசுவரய்யாவை அழைத்தார். திவானாக இருந்தவர், ஆலை நிர்வாகக் குழுத் தலைவராக 1923-ல் பொறுப்பு ஏற்றார். அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல்.

அங்கே பெரிய சம்பளத்தில் அமெரிக்க நிபுணர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் உலை எரியாது என்ற எண்ணம் இருந்தது. விசுவேசுவரய்யா வேறு விதமாக நினைத்தார். உள்ளூர் என்ஜினீயர்களை அந்தப் பொறுப்புகளில் உட்கார வைத்தார். வேலையைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வைத்தார். வீண் செலவைக் குறைத்தார்.

இளம் என்ஜினீயரை நம்பி எரிகிற உலையை ஒப்படைப்பது சாதாரணக் காரியம் அல்ல. தவறு நடந்தால் பழி தலைவருக்கு வரும். அந்தப் பழிக்குத் தயாராக இருப்பவர்தான் பிறருக்கு வேலை கற்றுக்கொடுக்க முடியும். 1929-ல் அவர் பொறுப்பை விட்டபோது ஆலை உள்ளூர் ஆட்கள் கையில் நடந்துகொண்டிருந்தது.

வேறு பெயர் வைக்கச் சொன்னார்

முதுமையிலும் அவர் ஓயவில்லை. இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் தேவை என்று 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். டாட்டா இரும்பு ஆலையின் டைரக்டர்களில் ஒருவராக நீண்டகாலம் இருந்தார். 90 வயதைத் தாண்டிய பிறகு, பீகாரில் கங்கை நதிமீது பாலம் எந்த இடத்தில் கட்டுவது என்று ஆராயும் பொறுப்பு வந்தது. நேரில் போய்ப் பார்த்து மொகாமாவில் கட்டலாம் என்றார். அந்தப் பாலம் 1959-ல் திறக்கப்பட்டது.

1955-ல் பாரத ரத்னா விருது வந்தது. 1962-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், நூறு வயது நிரம்பியவராகப் பெங்களூரில் காலமானார். பிறந்த ஊரான முத்தனஹள்ளியிலேயே அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் பிறந்த செப்டம்பர் 15-ந் தேதி, இந்தியா முழுவதும் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பத்ராவதி ஆலையில் அவர் செய்த வேலைக்காகப் பெரிய தொகையைச் சமஸ்தானம் கொடுக்க முன்வந்தது. அதைத் தமக்கென்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரில் ஒரு தொழில் பயிற்சி நிலையம் தொடங்க அதைப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார். பெரிய பட்டம் வாங்க வசதி இல்லாத பையன்கள், கைத்தொழில் கற்றுக்கொண்டு பிழைப்புக்கு வழி தேடவேண்டும் என்பது அவர் எண்ணம்.

1943-ல் அந்த நிலையம் தொடங்கியது. அதற்கு அவர் பெயரையே வைக்க விரும்பினார்கள். அவர் ஒப்பவில்லை. மகாராஜாவின் பெயரை வைக்கச் சொல்லிவிட்டார். அதனால்தான் அது ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரர் பெயரில் இருக்கிறது. அங்கே தொழில் கற்று வெளியே போன ஆயிரக்கணக்கானவர்களில், அது யாருடைய உழைப்பின் பணம் என்று தெரியாதவர்களே அதிகம்.